ஒரு பக்கத் தொப்பை

அக்டோபர் 20, 2025

சிங்கப்பூரில் தீபாவளி. புது வேட்டி இடுப்பில் நிற்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால், தொப்புளுக்கு வலப்பக்கம் மட்டும் வயிறு உப்பியிருக்கிறது. நுரையீரல் கட்டியை எடுத்துப் பத்து வாரம் ஆகிறது. "என்னங்க, தொப்பைகூட ஒரு பக்கமாத்தான் போடுமா?" என்றாள் மனைவி. சிரித்தேன். விலாவில் சுரீர் என்றது.

அக்டோபர் 24

எதிர்வீட்டு அக்கா குடலிறக்கம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பாலிகிளினிக் டாக்டருக்கும் அதே சந்தேகம். இருமினால் பிதுங்குகிறது, படுத்தால் அடங்குகிறது. தோல் மரத்துக் கிடக்கிறது, ஆனால் சட்டை உரசினால் எரிகிறது. இது என்ன கணக்கோ!

நவம்பர் 18

சிடி ஸ்கேனில் வயிற்றுச் சுவரில் ஓட்டையே இல்லை. அப்படியென்றால் குடலிறக்கமும் இல்லை. டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்புகள் நெஞ்சோடு நின்றுவிடுவதில்லையாம். ஏழாவதிலிருந்து கீழே உள்ளவை வயிற்றுக்கும் இறங்கித் தசைகளை இயக்குகின்றன. தொப்புள் மட்டம் பத்தாவது நரம்பின் எல்லை. விலாக்களை விரித்தபோதோ, நெஞ்சில் வடிகுழாய் வைத்தபோதோ சில நரம்புகள் நசுங்கியிருக்கலாம். கட்டளை வராத தசை தளர்ந்து, உள்ளே இருப்பதைத் தாங்க முடியாமல் பிதுங்குகிறது.

"வலை வைத்துத் தைக்கலாமா டாக்டர்?"

"ஓட்டை இருந்தால்தானே தைக்க?"

கட்டி போனதே பெரிது, கோபமெல்லாம் இல்லை. ஆனால் கையெழுத்து வாங்கியபோது ரத்தக்கசிவு, சீழ் என்று அத்தனையும் சொன்னவர்கள் இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் குடலிறக்கம் என்றே பயந்து கிடந்தேன்.

டிசம்பர் 9

வயிற்றுக்குப் பெல்ட், எரிச்சலுக்குக் காபாபென்டின். மாத்திரை நல்ல தூக்கம் தருகிறது, அதுவும் ரயிலில். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு ஹவ்காங்கில் இறங்க வேண்டியவன், கண் விழித்தபோது கடைசி நிலையமான பொங்கோல் கோஸ்ட். மீனும் நானும் திரும்பி வந்தோம்.

ஜனவரி 27, 2026

நரம்பு மீண்டும் வளர்ந்தால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. தானாம். மனைவியின் தையல் டேப்பை எடுத்துத் தழும்பிலிருந்து தொப்புள் வரை அளந்தேன்: 28 செ.மீ. அறுவை சிகிச்சை நடந்த ஆகஸ்டிலிருந்து எண்ணினால் மே மாதம். முழுசாக அறுந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பிசியோ அம்மா சொன்னபடி, மூச்சை விட்டுக்கொண்டே வயிற்றை உள்ளிழுத்துப் பழகுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை இந்த முறை பால்குடம் தம்பி தலையில், நான் கூட நடப்பதோடு சரி. பெல்ட்டுக்கு மேல் வேட்டியைக் கட்டிப் பார்த்தேன். நழுவவில்லை.