அந்தச் சர்வரில் எத்தனை பிஎச்பி?

என் தளத்தை ஓட்டும் மென்பொருள் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது. அதன் புதிய பதிப்புக்குக் குறைந்தது பிஎச்பி 8.3 வேண்டுமாம். சர்வரில் இருப்பதோ டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். 2023 ஜூனில் வந்த அந்தப் பதிப்பின் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இடத்தில், உள்ளது 8.2. டெபியன் ஒரு பதிப்பை வெளியிட்டுவிட்டால் கடைசி வரை அதே பிஎச்பி வரிசையைத்தான் வைத்திருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், 8.3 வராது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ராத்திரி தூங்கி எழுந்தால் சர்வர் அப்படியே இருக்க வேண்டும் என்றுதானே டெபியனைப் போட்டேன்.

மூல நிரலை இறக்கித் தொகுத்துக்கொள்ளலாம். முன்பு ஒரு தடவை அதைச் செய்திருக்கிறேன். செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பாதுகாப்பு வெளியீட்டுக்கும் நாமே உட்கார்ந்து மறுபடி தொகுக்க வேண்டும், அதுதான் ஆகிற காரியமில்லை. அதனால் டெபியனில், நிறுவத் தயாராகக் கட்டிவைத்த பிஎச்பி பேக்கேஜ்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த ஒந்த்ரே சூரி நடத்தும் தனிக் களஞ்சியத்துக்குப் போனேன். பழைய 5.6-இலிருந்து புதியவை வரை பல பதிப்புகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே சர்வரில் வைத்துக்கொள்ளவும் முடியும். அந்த வசதிதான் பிறகு என்னைச் சுற்றவிட்டது.

களஞ்சியத்தைச் சேர்க்க இரண்டு வேலை. கோப்புகள் அங்கிருந்துதான் வந்தன என்று சரிபார்க்க உதவும் அதன் கையொப்பச் சாவியை இறக்கி ஒரு கோப்பில் வைக்க வேண்டும். டெபியனில் மென்பொருளை நிறுவித்தரும் கருவியான ஆப்ட் படிக்கும் பட்டியலில் களஞ்சியத்தின் முகவரியையும், "இந்தச் சாவியால் சரிபார்" என்று அந்தக் கோப்பின் பாதையையும் எழுத வேண்டும். முன்பெல்லாம் ஆப்ட்-கீ என்ற கட்டளையால் சாவியைப் பொதுவாகச் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லும். யாரோ ஒருவருடைய சாவிக்கு வீட்டின் எல்லாக் கதவும் திறக்கிற மாதிரி. புதிய முறையில் அந்தச் சாவி அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும்தான்.

ஆப்ட் அப்டேட் கொடுத்தேன். பொதுச் சாவி இல்லை, கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தது. இணையத்தில் தேடினால், சரிபார்ப்பையே நிறுத்திவிட ஒரு வழி சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடப்போகிற கோப்புகளை யார் அனுப்பியது என்றே பார்க்காமல் உள்ளே விடுவதற்கு ஒப்பு அது. என் விஷயத்தில் காரணம் அற்பமானது. சாவிக் கோப்பை ஒரு பெயரில் சேமித்துவிட்டு, பட்டியலில் ஒரு எழுத்து விட்டு எழுதியிருந்தேன்.

அதைத் திருத்தியதும் வெறுமனே "ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி" என்று அடித்தேன். என்னென்ன வரப்போகிறது என்று ஆப்ட் காட்டிய பட்டியல் முழுக்க 8.4. எண் போடாமல் கேட்டால் அந்தக் களஞ்சியத்தில் அப்போதைய புதிய பதிப்பு வரும். நல்லவேளை, கவனித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 8.3 என்று எண்ணோடு மறுபடி கேட்டேன். இந்த முறை பட்டியலில் 8.3, 8.3, 8.3. சரி என்று ஒய் அழுத்தினேன்.

ஒரு பள்ளத்தைத் தாண்டிவிட்ட தெம்பில் அடுத்ததைப் பார்க்கவில்லை. என் கண் தேடியது 8.3 என்ற எண்ணை மட்டும். அதே பட்டியலில் அப்பாச்சி என்ற வலைச் சேவை மென்பொருளும் இருந்திருக்கிறது. என் சர்வரில் வலைப் பக்கங்களைத் தருவது எஞ்சின்எக்ஸ். அப்பாச்சிக்கு அங்கே வேலையே இல்லை. நிறுவும்போது ஏதோ தோல்வி என்று இரண்டு மூன்று வரிகள் ஓடின. தளம் திறந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

டெர்மினலில் பிஎச்பி பதிப்பைக் கேட்டால் 8.3 என்றது. தளத்தின் நிர்வாகப் பக்கமோ "உங்களிடம் இருப்பது 8.2" என்றது. எஞ்சின்எக்ஸை மறுதொடக்கம் செய்தேன், உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தேன், வேறு உலாவியில் பார்த்தேன். எல்லாம் 8.2. கடைசியில் பிஎச்பி தன்னைப் பற்றிய விவரங்களைக் கொட்டும் ஒரு வரிக் கோப்பை எழுதி, தளத்தின் கோப்புறையில் வைத்துத் திறந்தேன். அதிலும் 8.2.

அப்போதுதான் உறைத்தது. டெர்மினலில் பேசுகிற பிஎச்பி வேறு, தளத்துக்குப் பேசுகிற பிஎச்பி வேறு. எஞ்சின்எக்ஸுக்குப் பிஎச்பி நிரலை ஓட்டத் தெரியாது. எஃப்பிஎம் என்று தனியாக ஓடும் ஒரு சேவையிடம், ஒரு சாக்கெட் கோப்பு வழியாகக் கோரிக்கையைத் தள்ளிவிட்டு விடைக்குக் காத்திருக்கும். அந்தச் சாக்கெட்டின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. என் எஞ்சின்எக்ஸ் அமைப்பில் இன்னும் 8.2 என்றே எழுதியிருந்தது. அதை 8.3 என்று மாற்றி மறுதொடக்கம் செய்தேன். இப்போது தளமே இல்லை, பின்னால் ஓடும் சேவையிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற 502 பிழை. பிழைப் பதிவைத் திறந்தால், 8.3-இன் சாக்கெட் கோப்பே கிடையாது என்கிறது. பார்த்தால் நான் எஃப்பிஎம்மை நிறுவவே இல்லை.

பிஎச்பி 8.3 என்ற பேக்கேஜ் உண்மையில் ஒரு வெற்றுப் பெட்டி. தனக்குக் கீழே, பிஎச்பியை வலைத்தளத்துக்கு ஓட்டும் வழிகளான அப்பாச்சி மாட்யூல், எஃப்பிஎம், சிஜிஐ ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்கும். மூன்றும் இல்லையென்றால் ஆப்ட் முதலில் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளும். முதலில் இருப்பது அப்பாச்சி. என்னிடம் இருந்த 8.2 எஃப்பிஎம் அந்தக் கணக்கில் சேராது. எஃப்பிஎம் என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் இத்தனையும் இல்லை.

எஃப்பிஎம்மை நிறுவியதும் 502 போய், சர்வருக்குள்ளேயே ஏதோ கோளாறு என்ற 500 வந்தது. முன்னேற்றம்தான். இந்த முறை பதிவில் தரவுத்தள டிரைவர் இல்லை என்றிருந்தது. மைஎஸ்க்யூஎல், எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல், ஜிடி, ஜிப், இன்டெல் (intl; சிப் செய்யும் நிறுவனம் இல்லை) என்று ஒவ்வொரு நீட்சியும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பேக்கேஜ். 8.2-க்குப் போட்டது 8.3-க்கு உதவாது. ஒவ்வொரு பிழையாகப் பார்த்துப் போடுவதை விட்டுவிட்டு, 8.2 என்று தொடங்கும் பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்து, எண்ணை மட்டும் மாற்றி ஒரே தடவையில் கேட்டேன். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் எம்பிஸ்ட்ரிங்கையும் இன்டெல்லையும் மறக்கவே கூடாது. "அம்மா" என்ற சொல்லின் நீளத்தைச் சாதாரணப் பிஎச்பி செயல்கூறிடம் கேட்டால் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. எம்பிஸ்ட்ரிங் 5 என்று சொல்லும். அது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று யூனிகோடு குறிகளாக எண்ணுகிறது. இன்டெல்லில் உள்ள கிராஃபீம் செயல்கூறுதான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்கிற 3-ஐச் சொல்கிறது. பட்டியல் பக்கங்களில் முன்னோட்ட வரிகள் நடு எழுத்தில் அறுந்து, கேள்விக்குறிச் சதுரத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பைட் கணக்கில் வெட்டினால் அப்படித்தான் ஆகும்.

தளம் எழுந்துவிட்டது. ஒரு படத்தை ஏற்றிப் பார்த்தேன், ஏறவில்லை. புதிய பதிப்பில் பதிவேற்ற வரம்பு பழையபடி 2 எம்பிக்கு வந்திருந்தது. அமைப்புக் கோப்பைத் தேடித் திறந்து 20 என்று மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இருபது நிமிடம் போன பிறகு பாதையைப் படித்தேன். ஈடிசி கோப்புறையில் பிஎச்பி, அதற்குள் 8.3, அதற்குள் சிஎல்ஐ. டெர்மினல் பிஎச்பியின் கோப்பைத் திருத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்திலேயே எஃப்பிஎம் கோப்புறையில் அதே பெயரில் இன்னொரு கோப்பு. உறைத்தது என்று மேலே சொன்னேனே, அவ்வளவாக உறைக்கவில்லை போலிருக்கிறது.

அன்றிரவு கெர்னல் புதுப்பிப்புக்காக சர்வரை மறுதொடக்கம் செய்தேன். திரும்பி வந்ததும் தளத்தின் இடத்தில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம், "வேலை செய்கிறது!" என்று கொட்டை எழுத்தில். பகலில், வலைக் கோரிக்கைகள் வந்துசேரும் 80-ஆம் போர்ட்டை எஞ்சின்எக்ஸ் பிடித்திருந்ததால் அப்பாச்சியால் எழ முடியவில்லை, நான் பார்க்காமல் விட்ட அந்த வரிகள் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. மறுதொடக்கத்தில் அப்பாச்சி முந்திக்கொண்டது, எஞ்சின்எக்ஸ் வாசலில் நின்றது. அப்பாச்சியை நிறுத்தி, எஞ்சின்எக்ஸை எழுப்பி, அப்புறம் அப்பாச்சியையும் அதன் 8.3 மாட்யூலையும் நீக்கினேன். எஃப்பிஎம் இருந்ததால் வெற்றுப் பெட்டியும் முரண்டு பிடிக்கவில்லை.

8.2-ஐ ஒரு வாரம் வைத்திருந்து பிறகு எடுத்தேன். இப்போது எதை நிறுவினாலும் ஆப்ட்டை முதலில் ஒத்திகையாக ஓட்டச் சொல்கிறேன். கட்டளையோடு ஒரு ஹைஃபனும் எஸ்ஸும் சேர்த்தால் போதும், எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் காட்டும். வெளிக் களஞ்சியம் இருக்கும் சர்வரில் இது கட்டாயம். டெபியனுக்கும் அதற்கும் ஆப்ட் இயல்பாகவே ஒரே முன்னுரிமை, அதாவது 500 தருகிறது. எண் பெரிதாக இருப்பது ஜெயிக்கும். அடுத்த மேம்படுத்தலில், நாம் கேட்காத நூலகங்கள் சிலவும் அங்கிருந்து வரலாம்.

மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ அணுகல் பதிவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பிஎச்பி என்று பார்க்க அன்றைக்கு வைத்தேனே, அந்த ஒரு வரிக் கோப்பை முன்பின் தெரியாத முகவரி ஒன்று கேட்டிருந்தது. என் சர்வரும் 200 என்று மரியாதையாகப் பதில் சொல்லி, பதிப்பு, பாதைகள், நீட்சிகள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருந்தது. கோப்பை அழித்துவிட்டுத்தான் காபி போடப் போனேன்.