மியாட்டாவுக்கு டர்போ: கராஜ் நாட்குறிப்பு

மார்ச் 1

டர்போ கிட் பெட்டி வந்துவிட்டது. எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி ஏற்றும் சாதனம்தான் டர்போ. ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது எஞ்சினைத்தான். 1994 மாடல் மாஸ்டா மியாட்டா, 1.8 லிட்டர், கம்பெனிக் கணக்கில் 128 குதிரைத்திறன். சூடான எஞ்சினில் நாலு பிளக்கையும் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், பார்த்தேன். நாலு சிலிண்டரும் 175க்கும் 182 பிஎஸ்ஐக்கும் (அழுத்தத்தின் அளவு) நடுவில் வந்தன. எண் எவ்வளவு உயரம் என்பதைவிட, நாலும் ஒட்டி வருகிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தனியாகக் கீழே நின்றிருந்தால் பெட்டியை அப்படியே ஓரம் கட்டியிருப்பேன். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளின் மேல் டர்போ காற்றை ஏற்றினால் எஞ்சின் தாங்காது.

இந்த எஞ்சினை நம்பக் காரணம் உண்டு. வார்ப்பிரும்பு பிளாக். இதே குடும்பத்து எஞ்சினை மாஸ்டாவே 323 ஜிடிஆரில் டர்போவோடு விற்றது. அதில் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) குறைவு, என்னுடையதில் 9:1. அதனால்தான் டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தமான பூஸ்டின் இலக்கை 8 பிஎஸ்ஐயில் நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 7

எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளுக்கு நேற்று ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டிருந்தேன். முப்பது வருஷச் சூடும் துருவும் சேர்ந்து இறுகிய இடம். கொஞ்சம் அவிழ்க்க வேண்டும், மறுபடி கொஞ்சம் இறுக்க வேண்டும், எண்ணெய் அடித்து மறுபடி அவிழ்க்க வேண்டும். இப்படியே போனால் வருகிறது. ஒரே இழுப்பாக இழுத்தால் நட் ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் உடைந்து, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் நின்றுவிடும். அப்புறம் அலுமினிய ஹெட்டில் ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாம் முழுசாக வந்தன. காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கவே கூடாது. நாலு ஸ்டாண்டிலும் உட்கார்ந்த பிறகு பக்கவாட்டில் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மார்ச் 8

டர்போ, கேரட் ஜிடி2560ஆர். பால் பேரிங் வகை. காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் கூட்டு வாய் மேலே பார்த்திருந்தது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்கு அது கீழே திரும்ப வேண்டும். கூட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, சாயாமல் நேராகப் பிடித்தபடி மெதுவாகத் திருப்பினேன். சாய்ந்தால் கூடு சக்கரத்தின் இறக்கையில் உரசிவிடும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலப்போகிற சக்கரம் அது. கண்ணுக்குத் தெரியாத வளைவே அதன் பேலன்ஸைக் கெடுக்கப் போதும்.

மியாட்டாவில் டர்போ வைத்தவர்கள் அடிக்கடி சொல்லும் தொல்லை, டர்போவை மேனிஃபோல்டோடு பிடிக்கும் ஸ்டட்டுகள் கழல்வது. சூட்டில் சாதாரண இரும்பு ஸ்டட் நீண்டு, நட் தளர்ந்து, இடையில் இருக்கும் கேஸ்கட் பிய்ந்து புகை கசியும். கிட்டோடு வந்த ஸ்டட்டுகளை ஒதுக்கிவிட்டு, இன்கோனல் ஸ்டட்டும் பூட்டு வாஷரும் போட்டேன். நிக்கல் அதிகம் உள்ள கலவை உலோகம் என்பதால், சிவக்கக் காய்ந்தாலும் இன்கோனல் பிடியை எளிதில் விடாது. வேறு எங்கே மிச்சம் பிடித்தாலும் இங்கே பிடிக்கக் கூடாது.

மார்ச் 14

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது ஆயில் திரும்பும் வழி. டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அந்த அழுத்தம் இல்லை, காற்றோடு கலந்து நுரைத்து, தன் எடையால் மட்டும் இறங்க வேண்டும். அதனால் உள்ளே போகும் குழாய் மெல்லியதாக இருக்கலாம், திரும்பும் குழாயின் உள்துளை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டும். வழியெல்லாம் சரிவாக இருக்க வேண்டும், எங்கும் தொய்ந்து மேலேறக் கூடாது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் போய் நீலப் புகையாக வரும். புது டர்போ மாற்றியும் புகை நிற்காத காரில் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் குழாயைத்தான்.

சிக்கல் என்னவென்றால், எஞ்சின் காரில் இருக்கும்போது மியாட்டாவின் சம்ப்பைக் கழற்றுவது சுலபமில்லை. எஞ்சினைத் தூக்க வேண்டும் அல்லது கீழே இருக்கும் சப்ஃப்ரேமை இறக்க வேண்டும். அதனால் சம்ப் இருந்த இடத்திலேயே துளை போட்டேன். ட்ரில் பிட்டிலும் மரை வெட்டும் டேப்பிலும் க்ரீஸைத் தாராளமாகப் பூசி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். தூள் க்ரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். மரை போட்டு முடித்ததும் துளை வழியாக ஆயிலை ஊற்றி, ட்ரெயின் பிளக் வழியாக ஓடவிட்டுக் கழுவினேன். சுத்தமான ஆயில் வரும்வரை நிறுத்தவில்லை. நாள் முழுக்க இது ஒன்றுக்கே போனது, போகட்டும்.

மார்ச் 15

ஆயில் ப்ரெஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் டீ வடிவ இணைப்பு போட்டு டர்போவுக்கு ஆயில் எடுத்தாயிற்று. பால் பேரிங் டர்போ என்பதால் ஆயில் அளவைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் அவசியம். கூலன்ட் ஹோஸ் இரண்டும் மாட்டியாயிற்று.

மார்ச் 21

இன்டர்கூலர் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 டிகிரி காற்றை 8 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும்போது 87 டிகிரி. நல்ல இன்டர்கூலர் அதை 45க்குப் பக்கத்தில் இறக்கும். சூடான காற்றில் பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த நாக்கிங்தான் பிஸ்டனை உடைப்பது.

1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் இதே பிரச்சினையோடு மோதியது. கம்ப்ரஷன் 10.25:1, அதன் மேல் டர்போ. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு தெளித்தார்கள். அந்தத் தொட்டியை நிரப்பப் பல உரிமையாளர்கள் கவனிக்கவில்லை. அந்தக் காலத்துக்கு அபாரமான யோசனை, ஆனால் ஓட்டுபவரின் ஞாபகத்தை நம்பி நின்றது. இன்டர்கூலரை யாரும் நிரப்ப வேண்டாம்.

மார்ச் 22

இன்ஜெக்டர், அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் குழல். 200 குதிரைத்திறனுக்கு, 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்காமல் ஓட, ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 400 சிசி அளவு தர வேண்டும். நான் 550 போட்டேன். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, என்ஜிகே பிகேஆர்7இ, இடைவெளி 0.75 மி.மீ. அழுத்தம் கூடும்போது பெரிய இடைவெளியைப் பொறி தாண்டாது.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான பழைய இசியுவுக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் நாமே டியூன் செய்யக்கூடிய மெகாஸ்க்விர்ட் இசியு, கூடவே டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பில், காற்று–எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். சென்சாரைக் குழாயின் மேல் பாதியில் பொருத்தினேன், அடியில் வைத்தால் குழாயில் படியும் தண்ணீர் அதைக் கெடுத்துவிடும்.

மார்ச் 28

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். இன்ஜெக்டர், இக்னிஷன் இணைப்புகளைக் கழற்றி, டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஊற்றி, திரும்பும் ஹோஸை ஒரு பாத்திரத்தில் விட்டேன். தம்பி விட்டுவிட்டுச் செல்ஃப் அடித்தான், நான் அடியில் படுத்து ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வருதாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வந்தது. நூலாக ஆரம்பித்து அப்புறம் சீராக.

எல்லாவற்றையும் மாட்டி சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேனிஃபோல்டில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து கொஞ்ச நேரம் புகைந்தது, கேஸ்கட்டுகளில் ஒழுக்கு இல்லை. ஐட்லிங் 900. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 4

மூடிய ஓடுதளத்தில் டியூனிங். பக்கத்தில் தம்பி லேப்டாப்போடு. முதலில் பூஸ்ட் இல்லாத பகுதியைச் சரிசெய்தோம், அதற்கப்புறம்தான் மிதி. பூஸ்டில் காற்று–எரிபொருள் விகிதத்தை 11.5க்குப் பக்கத்தில் வைத்தேன், பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏற ஒரு டிகிரி வீதம், பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தேன். இது தொடங்குவதற்கான கணக்கு மட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு லேப்டாப்பில் பதிவான லாகைப் பார்க்காமல் அடுத்த ஓட்டம் கிடையாது.

3000 சுற்றுக்கு மேல் வேறு கார். பிக்கப் திடீரென்று உதைக்கவில்லை, நிதானமாக ஏறி, எஞ்சினின் உச்ச சுற்று எல்லையான ரெட்லைன் வரை விடாமல் இழுக்கிறது. மேலே போகப் போகப் பூஸ்ட் 8ஐத் தாண்டி ஏறுகிறதா என்பதைத்தான் பயத்தோடு கவனித்தேன். ஏறவில்லை, அளவுக்கு மேல் பூஸ்ட் ஏறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் தன் வேலையைச் செய்கிறது.

ஏப்ரல் 11

ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். டர்போ நட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தளரவில்லை. திரும்பும் ஹோஸ் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. பிளக்குகளின் நிறமும் சரி.

ஒன்று மட்டும் தெரிகிறது. நாலாம் கியரில் முழுக்க மிதித்தால் வேகம் ஏறுவதற்கு முன் ஆர்பிஎம் ஏறுகிறது. கிளட்ச் வழுக்குகிறது. பழைய டார்க்குக்காகச் செய்த கிளட்ச், எதிர்பார்த்ததுதான். கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கும் கனமான ப்ரெஷர் பிளேட் போட வேண்டும். அதுவரை நாலாம் கியரில் பாதி மிதிக்கு மேல் போவதில்லை.