வியாழக்கிழமை, ஐந்தாம் வகுப்பு பெஞ்சில்

மூன்று முறை சபரிமலைக்கு மாலை போட்டவன் நான். மூன்று முறையும் ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை. மூன்று முறையும் மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குக் கிளம்பிவிட்டேன். யாராவது குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த 48 நாட்களைத்தான் சான்றாகக் காட்டுவேன்: "நினைத்தால் நிறுத்தக்கூடியவன் நான்."

பாபநாசம் பக்கம் ஒரு நெல் அரைவை ஆலையில் கணக்கு எழுதுகிறேன். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன் கூடுதல் விலைக்கு எங்கே கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். உள்ளே கொஞ்சம் போனால்தான் கை நேராக நிற்கும். சம்பா நெல் வந்து குவிந்த ஒரு தை மாதக் காலையில் முதலாளி பேரேட்டைப் புரட்டினார். 6 எது, 0 எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூட்டை எண்ணும் பையனிடம் கொடுத்துவிட்டார்.

அன்றே நிறுத்தினேன், வீட்டிலேயே, வைராக்கியமாக. மறுநாள் இரவு வலிப்பு வந்தது. மகன்தான் பார்த்தான். மலைக்குப் போன காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் குடித்தேன். இது நான்கு வருடம் தினமும் குடித்த உடம்பு. அப்படிக் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன் பிறகு புத்தி தடுமாறலாம், உயிரே கூடப் போகலாம் என்று மருத்துவர் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து, மெதுவாக இறக்கினார்கள். வீட்டில் வீரம் காட்ட நினைப்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்கவும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டாலும் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். என் மகன் அப்படித்தான் கேட்டான்.

வீடு திரும்பும் நாளில் நர்ஸ் ஒருவர், "மருந்து உடம்புக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை. ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

எதிர்முனைக் குரல் பெயரே கேட்கவில்லை, ஊரை மட்டும் கேட்டது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கூட்டம் நடப்பதாகச் சொன்னது. கும்பகோணம் பக்கம்தான், ஆனால் அது மாமனார் ஊர். அதனால் தஞ்சாவூர். குடித்துவிட்டுப் பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்தபோது வராத வெட்கம், குடியை விடப் போகும்போது வந்தது. முதல் வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தின் மதில் சுவரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மனைவியிடம், "நன்றாக இருந்தது" என்றேன்.

அடுத்த வாரம் உள்ளே போனேன். ஐந்தாம் வகுப்பு. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கிறது. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்திருந்தது. ஜன்னல் திட்டில் டீ பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர்கள். பத்துப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவராகப் பேசினார்கள். குறுக்கே யாரும் பேசக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது. கட்டணம் கிடையாது; சுற்றி வரும் பையில் விருப்பப்பட்டால் பத்து ரூபாய் போடலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கியதாம். அவர்களின் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். எனக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர். எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டேன். "அந்த இடம் வரும்போது நான் இந்த பெஞ்சுகளை நினைத்துக்கொள்வேன்" என்றார்.

என் முறை வந்தபோது பழக்க தோஷத்தில் மூன்று மண்டலக் கதையை எடுத்துவிட்டேன். மரியாதையாகக் கேட்டார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அதே பெரியவர், "மாலை போட்ட முதல் நாளே கழற்றும் நாளை எண்ண ஆரம்பித்திருப்பீர்களே?" என்றார். உண்மைதான். "இங்கே இன்று ராத்திரி வரைக்கும்தான் கணக்கு. நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பார்க்கலாம்."

எல்லாம் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒருவர் வாராவாரம் ஒரே கதையை அரை மணி நேரம் சொல்வார். ஐந்தாம் மாதம் ஒரு காதுகுத்து விருந்தில் குடித்துவிட்டு, இரண்டு வாரம் முகத்தைக் காட்டவில்லை. திரும்பிப் போனபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. டம்ளர் கைக்கு வந்தது. முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணினேன். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. மனைவி ஒரு முறை போய்விட்டுக் கோபமாக வந்தாள்: "உங்களைப் பற்றிக் குறை சொல்லலாம் என்று போனால், என்னைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள்." இப்போது அவள் ஒரு கூட்டத்தையும் விடுவதில்லை.

இந்தக் கார்த்திகைக்கு மாலை போடலாமா என்று மைத்துனர் கேட்கிறார். போடலாம் என்றுதான் இருக்கிறேன். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றும் நாள் வியாழக்கிழமையாக வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.