சன்பர்ஸ்ட் தேடிப் போய் தங்கநிறத்தில் முடிந்தது: ஒரு சிங்கிள்கட் கிட்டார் வாங்கிய கதை

நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு கிட்டார் எதற்கு என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்ததிலேயே ஒரு மாதம் போய்விட்டது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் இரண்டு கொம்பு வைத்தது, முதல் வேலை கிடைத்தபோது வாங்கியது. ஆனால் நான் தினமும் உட்கார்ந்து வாசிப்பது ப்ளூஸும் அறுபது எழுபதுகளின் ராக்கும். அந்த ரெக்கார்டுகளில் கேட்கிற, அடித்தொண்டையிலிருந்து இழுத்துப் பாடுவது போன்ற கனத்த சத்தம் அதில் எவ்வளவு திருகினாலும் வரவில்லை. "எல்லாம் விரல்லதாண்டா இருக்கு" என்பான் நண்பன். பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் ஜூன் கடைசியில் இந்த அலைச்சலைத் தொடங்கினேன்.

சிங்கிள்கட் என்றால் நெக்கும் (கை பிடிக்கும் நீண்ட தண்டு) பாடியும் சேரும் இடத்தில் கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு வெட்டு இருக்கும், மேல்தோள் முழுசாக உருண்டு நிற்கும். சொன்னவுடன் எல்லாருக்கும் லெஸ் பால்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான், அதுவும் ஓரம் சிவந்து நடுவில் தேன் நிறமாக மின்னும் அந்தச் சன்பர்ஸ்ட். போன் வால்பேப்பரே அதுதான். ஆனால் டெலிகாஸ்டரும் சிங்கிள்கட்தான், வயதில் மூத்ததும் அதுதான்: ஃபெண்டர் அந்த வடிவத்தை 1950-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, கிப்சன் லெஸ் பாலை 1952-ல். ப்ளூஸ் ஜாம்பவான் மட்டி வாட்டர்ஸ் கையில் இருந்தது டெலி, ஆல்பர்ட் காலின்ஸ் கையிலும் டெலி. லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்ததுகூட டெலிதான், அதைக் கேட்டுவிட்டு லெஸ் பால் என்று சத்தியம் செய்கிறவர்கள் நிறைய பேர் உண்டு, நானும் ரொம்ப நாள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

அதனால் டெலியையும் நியாயமாக வாசித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம். சத்தம் அருமை, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகப் பேசுகிறது. விட்டுவிட்டதற்குக் காரணம் ஸ்கேல் நீளம். டெலியில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, அதாவது ஸ்ட்ரிங்கைத் தாங்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே, 25½ அங்குலம், லெஸ் பாலில் 24¾. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் அதே 10-46 தடிமன் ஸ்ட்ரிங் செட்டைப் போட்டு அதே சுருதிக்கு ஏற்றினால் நீளம் குறைந்ததில் இழுவிசை குறைவு, மூன்றாவது ஸ்ட்ரிங்கை ஒரு முழு ஸ்வரம் இழுத்து அங்கேயே நிறுத்தி ஆட்டும்போது மோதிரவிரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். ப்ளூஸில் பாதி நேரம் செய்வதே அதைத்தானே. என் விரல் மூட்டுகள் இருபது வயது மூட்டுகள் இல்லை.

சரி, லெஸ் பால் வடிவம்தான் என்று முடிவாயிற்று. கிப்சன் விலைக்கு என்னிடம் பதில் இல்லை, எனவே எபிஃபோன். 1957 முதல் கிப்சனிடம் இருக்கும் பிராண்ட் என்பதால் வடிவத்தை அப்படியே போடும் உரிமை அவர்களுக்கு உண்டு. பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ சிங்கிள்கட்டையும் பார்த்தேன், நேர்த்தியான வேலைப்பாடு. அந்த வடிவத்துக்காகக் கிப்சன் பிஆர்எஸ் மேல் வழக்குப் போட்டு 2005-ல் மேல்முறையீட்டில் தோற்ற கதையெல்லாம் வாசிக்கச் சுவாரசியம், ஆனால் கிட்டார் எனக்குக் கொஞ்சம் அதிக ஒழுக்கமாகத் தோன்றியது. காரணம் கேட்காதீர்கள்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை கடையில் எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட், ஐம்பதுகள் மாடலும் அறுபதுகள் மாடலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். ஐம்பதுகள் மாடலின் நெக் தடிமன், அறுபதுகள் மாடலுடையது மெலிசு. எனக்குச் சின்னக் கை, மெலிசுதான் சரிப்படும் என்று நினைத்துப் போனேன். நடந்தது தலைகீழ். மெலிந்த நெக்கில் உள்ளங்கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லாமல் கட்டைவிரல் இறுகிக்கொண்டே போனது, பத்து நிமிடத்தில் வலி. தடித்த நெக்கில் கை தானாக உட்கார்ந்தது. இதையெல்லாம் எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவே முடியாது.

அந்த ஃபிங்கர்போர்டு என்ன மரம் என்று விற்பனையாளரைக் கேட்டேன், "இந்தியன் லாரல் சார்" என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் நம் ஊர்க் கருமருது! ஊரில் உத்தரத்துக்குப் போடுகிற மரம் கடல் தாண்டிப் போய்க் கிட்டாராகித் திரும்பி வந்து என் மாதச் சம்பளத்தில் பாதியைக் கேட்கிறது.

அன்று வாங்கியிருப்பேன். வாங்காததற்குக் காரணம் ஸ்ட்ராப். கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத்தான் கையில் தருகிறார்கள், எடை தெரியாது. மறுவாரம் வீட்டிலிருந்து ஸ்ட்ராப் கொண்டுபோய் மாட்டி நின்றுகொண்டே அரை மணி நேரம் வாசித்தேன். இடது தோள் கழன்றுவிட்டது. நான்கு கிலோவுக்கு மேல் இருந்தது அந்தப் பீஸ். மஹாகனிக் கட்டையின்மேல் மேப்பிள் பலகை, எடை இருக்கத்தான் செய்யும். கிப்சனே 1982 வாக்கில் உள்ளுக்குள் துளை போட்டு எடையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டது என்றால் புகார் எனக்கு மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம். ஒரே மாடலிலேயே பீஸுக்குப் பீஸ் அரைக் கிலோ வரை வித்தியாசம் வருகிறது, அதனால் பெட்டி பிரிக்காமல் ஆன்லைனில் வாங்கும் யோசனையை அன்றோடு விட்டேன்.

ஆகஸ்டில் தாம்பரம் பக்கம் ஒருவர் பழைய எபிஃபோன் விற்பதாகத் தெரிந்தது. 1956 மாடல் கோல்ட்டாப்பின், அதாவது மேல்பலகை தங்கநிறம் பூசிய லெஸ் பாலின், நகல். பிக்கப், அதாவது ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பு, இதில் இரட்டைச்சுருள் ஹம்பக்கர் இல்லை, பி-90. எனக்கு அது தேவையே இல்லை. பக்கத்தில் கல்யாணத்துக்குப் போனதால் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவருக்கு அறுபது வயதிருக்கும், ஒருகாலத்தில் ஹோட்டல் பேண்டில் வாசித்தவர். ஆம்பை, அதாவது ஆம்ப்ளிஃபையரை, கொஞ்சம் உறுமும் அளவுக்கு ஏற்றிவைத்துக் கொடுத்தார். நான் வழக்கம்போல எல்லாக் குமிழையும் பத்தில் வைத்து ஐந்தாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையை உருட்டினேன். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, வால்யூமை ஆறுக்கு இறக்குங்க. இறக்கிட்டு மெதுவா மீட்டுங்க. அப்புறம் அதே இடத்துல ஓங்கி அடிங்க" என்றார். மெதுவாக மீட்டினால் மணி மாதிரி சுத்தமான சத்தம், ஓங்கினால் ஓரத்தில் கிழிந்துகொண்டு வருகிறது, பெடல் எதுவும் மிதிக்கவில்லை. பதினைந்து வருடம் வாசித்திருக்கிறேன், வால்யூம் குமிழை ஆன்-ஆஃப் சுவிட்சாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன் என்று அங்கே புரிந்தது.

"ஹம்பக்கர்ல இது வராதாண்ணே?"

"வரும். ஆனா கொஞ்சம் போர்வை போத்திக்கிட்டு வரும்" என்றார்.

பி-90 என்பது கிப்சன் 1946-ல் கொண்டுவந்த ஒற்றைச்சுருள் பிக்கப். முதல் லெஸ் பால்களில் இருந்தது இதுதான். சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் 1957-ல்தான் லெஸ் பாலுக்குள் வருகிறது. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஃப்ரெடி கிங் ஆரம்பத்தில் வைத்திருந்த கோல்ட்டாப்பில் பி-90. ராக் கிட்டாரிஸ்ட் லெஸ்லி வெஸ்ட் அந்த மலை உருள்வது போன்ற சத்தத்தை எடுத்தது ஒரே ஒரு பி-90 வைத்த லெஸ் பால் ஜூனியரில். 1966-ல் ஜான் மேயாலுடன் எரிக் கிளாப்டன் பதிவு செய்த ஆல்பம்தான் ஹம்பக்கர் சன்பர்ஸ்டைக் கனவுப் பொருளாக்கியது, அப்போது கிப்சன் அந்த வடிவத்தைத் தயாரிப்பதையே நிறுத்தியிருந்தது, 1968-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் வால்பேப்பர் ஆசைக்கு மூலம் அங்கே இருக்கிறது.

வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து ஹெட்ஸ்டாக்கின், அதாவது ஸ்ட்ரிங்கை முறுக்கும் பெக்குகள் இருக்கும் தலைப்பகுதியின், பின்பக்கத்தைப் பார்த்தேன். பழைய லெஸ் பால் வாங்கும் யாரும் இதைத் தவறவிடக் கூடாது. ஹெட்ஸ்டாக் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், கிப்சனில் வழக்கமாகப் 17 டிகிரி, அந்த வளைவிலேயே ட்ரஸ் ராடுக்காக, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பிக்காக, மரத்தைக் குடைந்திருப்பார்கள், ஆகவே கீழே விழுந்தால் உடைவது அங்கேதான். ஒட்டிய கோடு இருந்தால் நகத்தில் தட்டுப்படும். இதில் இல்லை. எடை 3.8 கிலோ, குளியலறைத் தராசை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், அவர் சிரித்தார். 38,000 கேட்டார், 35,000-க்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்து ஆம்பில் செருகியதும் ங்ங்ங்ங் என்று ஒரு இரைச்சல், பக்கத்து அறையில் மாவு அரைப்பது போல. தாம்பரத்தில் இது இல்லையே! ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஒற்றைச்சுருள் பிக்கப் சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் வாங்கும், ஹம்பக்கர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி அதை அடித்துவிடும், பெயரே அதனால்தான் என்பதெல்லாம் தெரியும். இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்துக்கு வைத்தால் கொஞ்சம் குறைந்தது. இன்வெர்ட்டரை அணைத்ததும் இன்னும் கொஞ்சம். பெரிய குற்றவாளி சுவரில் இருந்தது: எலெக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயிண்டைக் கழற்றினால் எர்த் கம்பி வெட்டியபடி சும்மா தொங்குகிறது, எதிலும் மாட்டவில்லை. இத்தனை வருடம் அதில்தான் கம்ப்யூட்டர் ஓடியிருக்கிறது. மாட்டியதும் இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்கிறேன், பிக்கப் இருக்கும் கோணத்தைப் பொறுத்து ஏறி இறங்கும்.

செப்டம்பர் முழுக்கச் சில்லறை வேலைகள். வால்யூமைக் குறைத்தால் கூடவே கூர்மையும் மங்குகிறது என்பதால் வயரிங்கை ஐம்பதுகள் முறைக்கு மாற்ற நினைத்தேன். டோன் கெப்பாசிட்டர் போகிற இணைப்பை வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) உள்வரும் காலிலிருந்து எடுத்து, நடுக்காலில், அதாவது வெளியே போகிற காலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கெப்பாசிட்டரையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போய் "0.022 மைக்ரோஃபாரட்" என்றேன்.

"ஃபேனுக்கா?"

"இல்லண்ணே, கிட்டாருக்கு."

"அப்ப 223-னு கேளுங்க சார். எத்தனை வோல்ட்?"

223 என்பது கெப்பாசிட்டர்மேல் அச்சிட்டிருக்கும் அதே அளவின் குறியீடு. வோல்ட் எதுவானாலும் சரி, கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது அற்பம். கைநிறைய எடுத்தும் ஒரு காபி விலைதான். இதையே பழைய காலத்துக் கெப்பாசிட்டர் என்று பெயர் ஒட்டி ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியாது. முதல் முறை அவசரத்தில் வேறு காலில் சோல்டர் வைத்து நெக் பிக்கப்பே பேசாமல் போனது, மறுபடி பிரித்தேன். சரியாக மாட்டிய பிறகு வால்யூம் நான்கில் இருக்கும்போதும் ஸ்ட்ரிங் தெளிவாக இருக்கிறது. டோன் குமிழும் வால்யூம் குமிழும் ஒன்றின் வேலையில் ஒன்று கொஞ்சம் தலையிடுகின்றன, பழகிவிட்டது.

அடுத்து மூன்றாவது ஸ்ட்ரிங். ஒரு பெண்ட் போட்டால் சுருதி இறங்கும், பெக்கைத் திருகினால் நட்டில் "டிங்" என்று ஒரு சத்தத்தோடு தாண்டும். லெஸ் பால் குடும்பத்துக்கே உள்ள வியாதி இது. ஹெட்ஸ்டாக்கில் பக்கத்துக்கு மூன்று பெக், நடு ஸ்ட்ரிங்குகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாக வளைந்து போகும், அந்த வளைவில் சிக்கும். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தேன், ஓரளவு சரியானது. ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, முன்னால் மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு அறுத்த பள்ளம் என்றார். கொஞ்சம் அராவிக் கொடுத்ததும் டிங் நின்றது.

சரியாகாதது ஒன்று உண்டு. பதினேழாவது ஃப்ரெட்டில் அதே ஏ மைனரை வாசிக்கும்போது உள்ளங்கை பாடியில் முட்டுகிறது, நெக் பாடியோடு சேர்வதே பதினாறாவது ஃப்ரெட் பக்கத்தில்தான். பழைய இரட்டைக்கொம்புக் கிட்டாரில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே மேலே போகவேண்டிய பாட்டுக்கு அதையே எடுக்கிறேன்.

அக்டோபர் மழை ஆரம்பித்ததும் ஸ்ட்ரிங் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உயர்ந்துவிட்டது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து ஏழாவதில் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தேன், தாராளமாகப் போய் வந்தது. ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி ஒரு நாள் விட்டேன், போதுமானதாக இருந்தது. சென்னைக் காற்றில் ஸ்ட்ரிங் இரண்டே வாரத்தில் துரு பிடிக்கிறது, வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்துக் கேஸில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். காலணிப் பெட்டிகளில் வந்த பொட்டலங்கள்தான்.

இப்போது மீதமிருப்பது பிரிட்ஜ் பிக்கப். நெக் பிக்கப்போடு ஒப்பிட்டால் சன்னமாகக் கேட்கிறது, ஸ்ட்ரிங்குக்குப் பக்கத்தில் உயர்த்த வேண்டும். ஆனால் அடியில் தாங்கும் ஸ்பாஞ்ச் நைந்துபோய், திருகைத் தளர்த்தினாலும் மேலே எழாமல் அப்படியே கிடக்கிறது. அடுத்த ஞாயிறு கழற்றிப் பால்பாயிண்ட் பேனா ஸ்ப்ரிங்கைப் பாதியாக வெட்டி வைத்துப் பார்க்கப் போகிறேன், பெண்ணின் பென்சில் டப்பாவிலிருந்து இரண்டு பேனா ஏற்கெனவே காணாமல் போயிருக்கிறது.