கேமரா இல்லாத மைதானத்துக்கும் பொருந்துகிற விதி வேண்டும்

கத்தாரில் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்காமல், கால்பந்து விதிமாற்றங்களைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை. 2022 டிசம்பர் 1 அன்று உலகக் கோப்பையில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதின. கோல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டதாகவே எல்லோருக்கும் தோன்றிய ஒரு பந்தை ஜப்பானின் மிட்டோமா உள்ளே திருப்பித் தர, தனாகா அதைக் கோலாக்கினார். பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்தால்தான் அது வெளியே போனதாகும் என்பது விதி. வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர்கள் பல கோணங்களில் பார்த்து, பந்தின் வளைவில் ஒரு நூலளவு இன்னும் கோட்டுக்கு மேல் இருந்தது என்று கண்டு கோலை உறுதி செய்தார்கள். ஜப்பான் 2-1 என வென்றது, அதே பிரிவிலிருந்த ஜெர்மனி போட்டியை விட்டே வெளியேறியது.

அதே நாட்டில், 2024 ஜூன் 11 அன்று தோஹாவில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா கத்தாரைச் சந்தித்தது. வென்றால் மூன்றாம் சுற்றை எட்டலாம் என்ற நிலையில், 37ஆவது நிமிடத்தில் சாங்டே அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73ஆவது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து உருண்டு கோட்டுக்கு வெளியே முழுவதுமாகப் போன பிறகு, கத்தார் வீரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுத்துத் தர, இன்னொருவர் வலைக்குள் தள்ளினார். நம் வீரர்கள் ஆட்டம் நின்றுவிட்டது என்று நின்றுவிட்டார்கள், நடுவரோ கோல் என்றார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பைப் பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்த உண்மை, தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. இந்தியா 2-1 எனத் தோற்றது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முறைப்படி புகார் அளித்தும் முடிவில் மாற்றம் எதுவும் இல்லை.

ஒரே விதி, ஒரே விதமான சிக்கல். ஓரிடத்தில் மில்லிமீட்டர் வரை அளந்து நியாயம் வழங்கப்பட்டது, இன்னோரிடத்தில் கண்ணெதிரே நடந்த தவறைத் திருத்த வழியே இருக்கவில்லை. ஆகவே எந்த விதிமாற்றத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் நான் முதலில் ஒன்றையே கேட்கிறேன்: ஒரு விசிலும் இரண்டு கொடிகளும் மட்டுமே இருக்கிற கடலூர் மைதானத்தில் இதை நடைமுறைப்படுத்த முடியுமா? முடியாது என்றால், அந்த மாற்றத்தை முன்வைப்பவர்கள் கூடுதலாக எவ்வளவோ விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கருதுகிறேன்.

விதிகளை வகுப்பது ஐ.எஃப்.ஏ.பி. என்கிற அமைப்பு, 1886இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்குத் தலா ஒரு வாக்கு, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கு நான்கு வாக்குகள், எதுவும் நிறைவேற ஆறு வாக்குகள் வேண்டும். இந்தியாவோ பிரேசிலோ அங்கே நேரடியாக வாக்களிக்க முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு உடன்பாடானது அல்ல. ஆயினும் அந்த அமைப்பு செய்த மாற்றங்களில் ஆட்டத்தையே காப்பாற்றியவை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.21 கோல்களே விழுந்தன. தற்காப்பு வீரர் கோல்கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் தருவதும், அவர் அதைக் கையில் எடுத்து நேரம் கடத்துவதுமாகப் பல ஆட்டங்கள் கழிந்தன. 1992இல், சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்று விதி வந்தது. அதைக் கண்காணிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பள்ளி மைதானத்திலும் மறுநாளே நடைமுறைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றம் அது.

2025இல் வந்த எட்டு விநாடி விதியையும் அந்த வரிசையிலேயே வைக்கிறேன். கோல்கீப்பர் பந்தைக் கையில் ஆறு விநாடிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற பழைய விதி ஏட்டளவில்தான் இருந்தது. மீறினால் பெனால்டி பகுதிக்குள்ளேயே எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (இன்னொரு வீரர் தொட்ட பிறகே கோலாகக்கூடிய உதை) தர வேண்டும். ஒரு அணியே கோல் கோட்டில் வந்து நிற்க, அந்த அமளியை உண்டாக்க எந்த நடுவருக்கும் மனம் வராது. தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியதாக இருந்ததால் யாரும் விதியைத் தொடவில்லை. இப்போது எட்டு விநாடி, மீறினால் எதிரணிக்குக் கார்னர், கடைசி ஐந்து விநாடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டும். அவகாசத்தைக் கூட்டி, தண்டனையைக் குறைத்து, எண்ணுவதை எல்லோரும் பார்க்கும்படி செய்ததால் அந்த விதிக்கு உயிர் வந்திருக்கிறது.

ஆஃப்சைடுதான் சிக்கலான இடம். பந்து தரப்படும் கணத்தில் முன்கள வீரர், எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைவிட அவர்கள் கோலுக்கு நெருக்கமாக நிற்கக் கூடாது என்பது அந்த விதி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பகுதிப் போட்டிகளுக்கு நீண்ட காலம் நடுவராக இருந்த, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றி அடிக்கடி பேசுவேன். “ஆளைக் கண்ணால பாரு, பந்தைக் காதால கேளு” என்பது கொடி பிடிக்க வரும் பையன்களுக்கு அவர் சொல்லித்தரும் முதல் பாடம். பந்து உதைபடும் இடமும் கடைசித் தற்காப்பு வீரர் நிற்கும் இடமும் முப்பது நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கண்ணால் ஆகாது. ஆகவே துணை நடுவர் தற்காப்பு வரிசைக்கு நேராக ஓடிக்கொண்டே, உதைக்கும் சத்தம் காதில் விழும் கணத்தில் முன்கள வீரர் எங்கே இருந்தார் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் கடல்காற்று எழுந்து சத்தத்தை அடித்துக்கொண்டு போனாலும், ஆதரவாளர்கள் மேளம் கொட்டினாலும் அந்தக் கணிப்பு தவறிவிடும். இரண்டாம் பாதிக்குள் சுண்ணாம்புக் கோடே பாதி அழிந்துபோயிருக்கும். இத்தனைக்கும் நடுவில் கொடியைத் தூக்குகிறவரிடம்தான் நாம் அக்குள் அளவுக்குத் துல்லியத்தை எதிர்பார்க்கிறோம்.

கேமரா வந்தால் இந்தக் குறை முழுவதும் தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. விநாடிக்கு 50 படங்கள் எடுக்கும் கேமராவில், விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடும் வீரர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். தற்காப்பு வீரரும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி 32 சென்டிமீட்டர். பந்து காலைவிட்டுப் பிரிந்த கணம் எந்தப் படத்தில் இருக்கிறது என்பதை ஒரு மனிதர் தேர்ந்தெடுத்து, அதன்மேல் கோடு வரைந்து, கால்விரல் நுனி வெளியே இருக்கிறது என்று கோலை ரத்து செய்வது, கருவியால் தர இயலாத துல்லியத்தை அதற்கு ஏற்றிச் சொல்வதாகும். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரியையும், வீரர்களின் உடலில் 29 புள்ளிகளைத் தொடரும் 12 கேமராக்களையும் பொருத்தி இந்தப் பிழையைப் பெரிதும் குறைத்தார்கள். அந்த ஏற்பாட்டை, நம் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கு எப்போது கொண்டுவர முடியும்?

முன்னாள் பயிற்சியாளரும் ஃபிஃபாவின் பொறுப்பாளர்களில் ஒருவருமான ஆர்சென் வெங்கர் முன்வைத்திருக்கும் திட்டம் இங்கேதான் எனக்கு முக்கியமாகிறது. கோல் அடிக்கப் பயன்படும் உடற்பகுதி ஏதேனும் ஒன்று, கடைசிக்கு முந்தைய எதிரணி வீரருக்கு நேராக இருந்தாலே போதும், ஆஃப்சைடு இல்லை என்கிறார் அவர். இருவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும், அப்போதுதான் கொடி எழும். இதுவும் ஒரு கோடுதானே, கோட்டை நகர்த்தினால் தகராறும் கூடவே நகரும் என்று சிலர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு தோள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கணிப்பதைவிட, இரண்டு உடல்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது வெறுங்கண்ணுக்கு எளிது. ஓடிக்கொண்டே பார்க்கும் துணை நடுவருக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது. நம் ஆசிரியரும் இதை ஏற்கிறார்.

எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. 1925இல், ஆஃப்சைடு ஆகாமலிருக்க முன்கள வீரருக்கு முன்னால் இருக்க வேண்டிய எதிரணி வீரர்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, இங்கிலாந்து லீகில் ஒரு பருவத்துக்கு 4,700 ஆக இருந்த கோல்கள் மறு பருவத்திலேயே 6,373 ஆக உயர்ந்தன. உடனே அணிகள் நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தற்காப்பு வீரராக்கிக்கொண்டன. வெங்கரின் விதி வந்தாலும் தற்காப்பு வரிசைகள் பயந்து பெனால்டி பகுதிவரை பின்வாங்கக்கூடும். ஆட்டம் திறந்துகொள்வதற்குப் பதிலாக இறுகிவிடலாம். எனவே இளையோர் போட்டிகளில் சில பருவங்கள் சோதித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் இருக்கும் என் நண்பர் ஒருவர், பிரெஞ்சு லீக் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவர், என் அளவுகோலையே ஏற்பதில்லை. “எல்லா ஊருக்கும் ஒரே ஆட்டம்ங்கிறது எப்பவோ போயிடுச்சுப்பா. இங்க உப்பளம் மைதானத்துல கேமரா இல்லைங்கிறதுக்காகப் பாரிஸ்ல தப்பான கோலைக் கொடுக்கணுமா?” என்று கேட்கிறார். கோடிக்கணக்கான பணமும் ஒரு வீரரின் வாழ்நாள் உழைப்பும் பணயமாக இருக்கும் ஆட்டத்தில், திருத்தக்கூடிய தவறைத் திருத்தாமல் விடுவது அநீதி என்பது அவர் வாதம். தோஹா ஆட்டத்தை நினைத்தால் அவரை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வாதம் அங்கே முடிந்துவிடக் கூடாது. கருவி இல்லாத இடத்துக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கும் அவர் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதில் ஓரளவு கிடைத்திருக்கிறது என்றே நம்புகிறேன். 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் ‘ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்’ என்ற எளிய முறையைச் சோதித்தார்கள். தனி அறையில் உட்கார்ந்து பார்க்கும் நடுவர்கள் இதில் இல்லை. கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். போல, பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு முறையீடுகள். அவர் கேட்டால் நடுவரே மைதானத்தின் ஓரத்திலுள்ள திரையில் பார்த்து முடிவு செய்வார். முறையீடு சரியென்றால் அது கணக்கில் கழியாது. நாலைந்து கேமராக்கள் மட்டுமே இருக்கும் போட்டிக்கும் இது பொருந்தும். தோஹாவில் இது இருந்திருந்தால் இந்தியப் பயிற்சியாளர் ஒரு சைகை செய்திருப்பார், ஒரு நிமிடத்தில் நியாயம் கிடைத்திருக்கும். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டிகளுக்கும் மகளிர் லீகுக்கும் முழுமையான வி.ஏ.ஆர். வரும்வரை காத்திருப்பதைவிட, இதை முதலில் கொண்டுவர வேண்டும். கடலூரிலிருந்து புறப்பட்டு இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் போன்ற ஒருவரின் பருவம், திருத்த வழியில்லாத ஒரு தீர்ப்பால் முடிந்துபோகக் கூடாது.

வி.ஏ.ஆரின் எல்லையை விரிக்கும் முன்மொழிவுகளில், இரண்டாவது மஞ்சள் அட்டையைப் பரிசீலிக்கலாம் என்பதை ஆதரிக்கிறேன். அது வீரரை வெளியேற்றும் தீர்ப்பு, நேரடிச் சிவப்பு அட்டைக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் வேண்டும். ஒவ்வொரு கார்னரையும் பரிசீலிப்பதை ஏற்க மாட்டேன். ஆட்டத்தின் ஓட்டத்தை அது அறுத்துவிடும். நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசலாம் என்று 2024 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) போட்டியில் கடைப்பிடித்த முறை நம் ஊருக்கு நாளையே வரலாம். நடுவரைத் திட்டுபவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் முறையும் அப்படித்தான். இங்கிலாந்தின் உள்ளூர்ப் போட்டிகளில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் அது, தொழில்முறைக் கால்பந்துக்கு வேண்டாம் என்று தள்ளப்பட்டாலும், எங்கள் பகுதிப் போட்டிகளுக்கு மிகவும் தேவை.

இவ்வளவுக்கும் அடிப்படையாக, இருக்கிற விதியை ஆடுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2023 மார்ச் 3 அன்று ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் அமைப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். விசிலுக்குக் காத்திருக்கும்படி நடுவர் சொல்லியிராவிட்டால், உடனே அடிக்க விதி இடம் தருகிறது. அன்று நடுவர் என்ன சைகை காட்டினார் என்பதில் இரு தரப்பும் வேறுபட்டன, கேரள அணி மைதானத்தைவிட்டு வெளியேறியது, கூட்டமைப்பு நான்கு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெரிய அணிகளிடையே இப்படி என்றால், உள்ளூர்ப் போட்டிகளில் நடுவர்மீது கைவைக்கும் அளவுக்குப் போகிற சண்டைகளில் எத்தனை விதி தெரியாமல் எழுந்தவை என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிய விதிகள் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வருகின்றன. கடலூரிலும் புதுச்சேரியிலும் போட்டி நடத்துகிறவர்கள், அந்த வாரத்தில் ஒரு மாலை அணி மேலாளர்களையும் தலைவர்களையும் கொடி பிடிக்கும் பையன்களையும் ஒன்றாக உட்காரவைத்து, அந்த ஆண்டின் மாற்றங்களைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்ன ஆசிரியர் வந்து நடத்தித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். விதிகளின் தமிழ்ச் சுருக்கத்தை எழுதித் தருவது என் பொறுப்பு.