வாக்குச்சீட்டில் இரண்டாவது பெயர்

ஐக்கிய அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2028 நவம்பரில்தான் நடைபெறும். ஆயினும், எந்த வேட்பாளர் எவரைத் துணை ஜனாதிபதி வேட்பாளராகச் சேர்த்துக்கொள்வார் என்ற ஊகங்கள் இப்போதே தொடங்கிவிட்டன. குடியரசுக் கட்சியில் ஜே.டி. வான்ஸும் மார்கோ ரூபியோவும் இணைந்து நிற்பார்கள் என்ற பேச்சு அடிபடுகிறது. ஜனநாயகக் கட்சியிலோ வேட்பாளர் யாரென்றே தெரியாத நிலையில் அவருக்குத் துணையாக நிற்கப்போகிறவரைப் பற்றிய கணிப்புகள் வெளிவருகின்றன. மாலையில் கடற்கரைக்கு வரும் எங்கள் வயதுக்காரர்களிடையே இந்தப் பேச்சு எழும்போது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பதால்தான் நாங்கள் இவ்வளவு அக்கறை காட்டுகிறோம் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் என்னுடைய அக்கறைக்கு அதனிலும் பெரிய காரணம் உண்டு. நாட்டின் தலைமைப் பதவி திடீரென வெற்றிடமானால் அதில் அமரப்போகிறவர் யார் என்பதை வாக்களிக்கும் முன்பே அறிந்துகொள்ளும் உரிமை அமெரிக்க வாக்காளருக்கு இருக்கிறது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் வாழும் திருகோணமலை வாக்காளருக்கு அது இல்லை.

அந்த உரிமையை அமெரிக்கர்களே குறைத்து மதிக்கிறார்கள் என்பதுதான் எனது மனக்குறை. துணை வேட்பாளர் பற்றிய ஊகங்களில் பெரும்பாலானவை வெறும் கூட்டல் கழித்தலாகவே நடைபெறுகின்றன: அவர் எந்த மாநிலத்தவர், ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதற்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்படும் தேர்வாளர் வாக்குகளில் அந்த மாநிலத்துக்கு எத்தனை, எந்தச் சமூகத்தின் ஆதரவை அவர் கொண்டுவருவார் என்பனவே கேட்கப்படுகின்றன. 2024 ஓகஸ்டில் கமலா ஹரிஸ் தமது துணை வேட்பாளரை அறிவிப்பதற்கு முந்திய நாட்களில் பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபிரோவின் பெயர் ஓயாமல் உச்சரிக்கப்பட்டதற்கு, அந்த மாநிலத்தின் 19 தேர்வாளர் வாக்குகளே முதற்காரணம். ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹரிஸ் மினசோட்டா ஆளுநர் டிம் வோல்ஸை அறிவித்தார். நவம்பரில் பென்சில்வேனியாவை இழந்தார். ஷபிரோவைத் தெரிவுசெய்திருந்தால் வென்றிருப்பார் என்று இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடும் போட்டி நிலவிய 7 மாநிலங்களையும் ட்ரம்ப் வென்ற தேர்தல் அது. ஹரிஸ் பெற்ற 226 வாக்குகளுடன் அந்தப் பத்தொன்பதையும் சேர்த்தாலும் வெற்றிக்கு வேண்டிய 270 வந்திராது.

முந்திய தேர்தல்களும் இதையே காட்டுகின்றன. 1988இல் லொயிட் பென்ட்சன் டெக்சாஸையும், 2004இல் ஜோன் எட்வர்ட்ஸ் வட கரோலினாவையும், 2012இல் போல் ரயன் விஸ்கொன்சினையும் தத்தம் கட்சிக்குப் பெற்றுக்கொடுக்கவில்லை. மூவரும் அந்தந்த மாநிலத்து அரசியல்வாதிகள். 2000ஆம் ஆண்டில் ஜோர்ஜ் புஷ் தெரிவுசெய்த டிக் செனியின் வயோமிங் மாநிலத்துக்கோ மொத்தமாகவே 3 தேர்வாளர் வாக்குகள்தான் இருந்தன. சொந்த மாநிலத்தைக் கொண்டுவந்தவர் என்று எவரும் சுட்டிக்காட்டும் பெயர் 1960இல் கென்னடிக்குத் துணையாக நின்ற லிண்டன் ஜோன்சன் என்பதுதான். டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகள் சிறிய வித்தியாசத்தில் கென்னடிக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் 1963 நவம்பர் 22இல் அதே டெக்சாஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், குடியியல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியவரும் வியட்நாம் போரைப் பெரும் போராக விரித்தவரும் அதே ஜோன்சன்தான். அந்த 24 வாக்குகளையும், அவர் ஆட்சியிலிருந்த 5 ஆண்டுகளையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1944ஆம் ஆண்டை நினைக்கும்போது இந்த எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய எங்கள் திருகோணமலைத் துறைமுகம், 1944இல் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் போர்க்கப்பல்களால் நிறைந்திருந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான சரடோகாவும் இங்கு வந்து அவற்றுடன் இணைந்தது. அந்தப் போர் எவருடைய கையெழுத்தில் முடியப்போகிறது என்பது சில மாதங்களுக்குப் பின்னர், ஜூலையில், சிக்காகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஏறத்தாழத் தீர்மானமாயிற்று. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை மோசமடைந்து வருவதைக் கட்சியின் பெரிய மனிதர்கள் கண்டிருந்தார்கள். அதனாலேயே, அப்போதைய துணை ஜனாதிபதியும் தீவிர முற்போக்காளருமான ஹென்றி வொலஸ் அந்த இடத்தில் தொடர்வதை அவர்கள் விரும்பவில்லை. முதற்சுற்று வாக்கெடுப்பில் வொலஸ் முன்னணியில் இருந்தும், இரண்டாம் சுற்றில் மிசூரி செனட்டரான ஹரி ட்ரூமன் வென்றார். 1945 ஜனவரி 20இல் பதவியேற்ற ட்ரூமன் 82 நாட்கள்தான் துணை ஜனாதிபதியாக இருந்தார். ஏப்ரல் 12இல் ரூஸ்வெல்ட் இறந்தார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விபரமும் ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்த பின்னரே ட்ரூமனுக்கு எடுத்துரைக்கப்பட்டது. நான்கு மாதங்களுக்குள் ஹிரோஷிமாவும் நாகசாகியும் நிகழ்ந்தன. எவருக்குப் பதில் எவர் என்ற அந்த மாநாட்டுக் கேள்வியின் கனத்தை அன்று அங்கிருந்த பிரதிநிதிகளில் எத்தனை பேர் உணர்ந்திருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அமெரிக்க வரலாற்றில் 8 ஜனாதிபதிகள் பதவியில் இருக்கும்போதே இறந்திருக்கிறார்கள்; ஒருவர் பதவி விலகியிருக்கிறார். ஆக, 9 தடவைகள் இரண்டாவது பெயர் முதலாவது பெயராயிற்று. அவர்களுள் ஜெரால்ட் போர்ட்டின் கதை தனியானது. 1973இல் துணை ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியூ பதவி விலகியதும், 1967இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 25ஆவது திருத்தத்தின்படி ஜனாதிபதி நிக்சன் அந்த இடத்துக்குப் போர்ட்டை நியமித்தார், காங்கிரசின் இரு சபைகளும் அங்கீகரித்தன. 1974 ஓகஸ்ட் 9இல் நிக்சனும் விலகியபோது, நாடளாவிய எந்தத் தேர்தலிலும் மக்களிடம் வாக்குக் கேட்காத ஒருவர் ஜனாதிபதியானார். அமெரிக்காவில் அது ஒரே ஒரு தடவை நடந்தது.

தெரிவுசெய்யும் முறையும் அனுபவத்தால் திருந்தியே வந்திருக்கிறது. 1972இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோர்ஜ் மக்கவர்ன் கடைசி நேர அவசரத்தில் செனட்டர் தோமஸ் ஈகிள்டனைத் தெரிவுசெய்தார். மனச்சோர்வுக்காக அவர் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றிருந்தமை வெளிவந்ததும் 18 நாட்களில் அவர் விலகவேண்டியதாயிற்று. ஒரு நோய்க்குச் சிகிச்சை பெற்றதை அன்று குற்றம்போல் நடத்தியது எனக்கு வருத்தமளிக்கிறது. எனினும், வருமானவரி முதல் மருத்துவ அறிக்கை வரை துருவி ஆராயும் இன்றைய நடைமுறை வலுப்பெற்றதற்கு அந்த நிகழ்வே காரணம். அந்த ஆராய்ச்சியும் அவசரமானால் பயன் தராது. 2008இல் தமது 72ஆவது பிறந்தநாளில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜோன் மக்கெயின், ஆளுநராகி இரண்டு ஆண்டுகளும் நிறையாத சாரா பேலினை அறிவித்தபோது, கூட்டம் திரட்டும் ஆற்றல் கருதப்பட்ட அளவுக்கு அந்த வயதும் கருதப்பட்டிருக்கவேண்டும்.

2020 ஓகஸ்டில் பைடன் கமலா ஹரிஸைத் தெரிவுசெய்தபோது எங்கள் ஊரிலும் ஒரு மகிழ்ச்சி இருந்தது. அவருடைய தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர், தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்ற செய்திகளை நாங்களும் பகிர்ந்துகொண்டோம்; வேட்பாளர் ஏற்புரையில் அவர் ‘சித்தி’ என்று சொன்னதைக் கேட்டுக் கண்கலங்கிய அக்காமாரை நான் அறிவேன். அந்தப் பூரிப்பு இயல்பானது. ஆனால் அந்தத் தெரிவின் உண்மையான பொருள் 2024 ஜூலை 21ஆம் திகதி பைடன் போட்டியிலிருந்து விலகியபோதுதான் தெரிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் தமக்கு அருகில் நிறுத்திக்கொண்ட பெயர், ஒரு பெருங்கட்சியின் தலைமை வேட்பாளரை அன்று முடிவுசெய்தது.

அதே ஜூலை மாதம் திருகோணமலையில் நாங்கள் வேறொரு வெற்றிடத்தின் துயரில் இருந்தோம். 1977இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்ற இரா. சம்பந்தன் ஐயா, ஜூன் 30ஆம் திகதி தமது 91ஆவது வயதில் காலமானார். அவருடைய ஆசனத்துக்கு இடைத்தேர்தல் இல்லை. 2020 பொதுத் தேர்தலில் அதே பட்டியலில் விருப்பு வாக்குகளில் அவருக்கு அடுத்த இடத்தைப் பெற்றிருந்த சண்முகம் குகதாசன் பாராளுமன்ற உறுப்பினரானார். விருப்பு வாக்கு முறையில் எனக்குப் பல குறைகள் தெரிகின்றன; ஆனால் அடுத்தவர் யார் என்பதை எங்கள் வாக்குகளே தீர்மானித்திருந்தன. அந்த நாட்களிலேயே, ஜூலை 13இல் பென்சில்வேனியாவின் பட்லரில் ட்ரம்பின் காதை உரசிக்கொண்டு துப்பாக்கிக் குண்டு சென்றது. இரண்டு நாட்களின் பின்னர் அவர் வான்ஸைத் தமது துணை வேட்பாளராக அறிவித்தார். துணை ஜனாதிபதி எதற்காக என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை வேறெந்தத் தேர்தலாண்டிலும் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

ஒரு மாவட்டத்தின் ஓர் ஆசனத்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, நாட்டின் அதியுயர் பதவிக்கு இல்லை. எங்கள் அரசியலமைப்பில் துணை ஜனாதிபதி கிடையாது. ஜனாதிபதிப் பதவி வெற்றிடமானால் பிரதமர் பதில் கடமையாற்றுவார். பின்னர் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களுள் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் எஞ்சிய காலத்துக்குத் தெரிவுசெய்யும். 1993 மே 1ஆம் திகதி ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்டபோது அவ்வாறு வந்தவர் டி.பி. விஜேதுங்க. தலைவருக்குப் போட்டியாக வளரமாட்டார் என்பதற்காகவே பிரதமராக்கப்பட்டவர் என்று பரவலாகக் கருதப்பட்ட அவர், இந்நாட்டில் இனப்பிரச்சினை இல்லை, இருப்பது பயங்கரவாதப் பிரச்சினையே என்ற நிலைப்பாட்டுடன் ஆட்சி செய்தார். 1988இல் வாக்களித்த எவரும் அந்த நிலைப்பாட்டுக்கோ அந்த மனிதருக்கோ ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்திருக்கவில்லை. அதன் பாரத்தை வடக்கும் கிழக்கும் சுமந்தன.

2022இல் நடந்தது இன்னும் அண்மையில் இருக்கிறது. மே 9ஆம் திகதி பிரதமர் பதவியிலிருந்து விலகிய மஹிந்த ராஜபக்ஷ, எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்தான் தஞ்சமடைந்திருந்தார். தளத்தின் வாயிலுக்கு வெளியே மக்கள் திரண்டு நின்றார்கள். அதுவரை அரசியலமைப்பின்படி ஜனாதிபதிக்கு அடுத்திருந்தவர் அவர். சில நாட்களில் அந்த இடத்துக்கு வந்த ரணில் விக்கிரமசிங்க, 2020 பொதுத் தேர்தலில் தமது ஆசனத்தையே இழந்து, கட்சிக்குக் கிடைத்த ஒற்றைத் தேசியப் பட்டியல் இடத்தின் வழியாகப் பாராளுமன்றம் வந்தவர். கோட்டாபய ராஜபக்ஷ விலகியபின், ஜூலை 20இல் 134 உறுப்பினர்களின் வாக்குகளால் அவர் ஜனாதிபதியானார். அவருடைய ஆற்றலைப் பற்றி இங்கு நான் தீர்ப்புக் கூறவில்லை. பொருளாதாரம் நொறுங்கிய நேரத்தில் எவரோ பொறுப்பேற்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் 2019இல் வாக்களித்த எவருடைய மனத்திலும் அந்தப் பெயர் இருந்திருக்க முடியாது.

எங்களிடமும் ஒருமுறை இரண்டாவது பெயர் முன்கூட்டியே சொல்லப்பட்டதுண்டு. 2014 நவம்பரில் எதிரணியின் பொதுவேட்பாளராக வெளிவந்த மைத்திரிபால சிறிசேன, தாம் வென்றால் ரணிலையே பிரதமராக்குவதாக அறிவித்தார்; 2015 ஜனவரியில் எங்கள் மாவட்டம் பெரும்பான்மையாக அவருக்கு வாக்களித்தபோது அந்த இரு பெயர்களையும் சேர்த்தே எடைபோட்டது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி அவரே ரணிலை நீக்கி மஹிந்தவை நியமித்தார். உயர் நீதிமன்றம் வரை சென்று டிசம்பரில்தான் அந்த நெருக்கடி தீர்ந்தது. அமெரிக்க ஜனாதிபதிக்குத் தமது துணை ஜனாதிபதியைப் பதவிநீக்கும் அதிகாரம் கிடையாது என்பதன் அருமை எனக்கு அந்த நாட்களில்தான் விளங்கியது. மக்கள் சேர்த்துத் தெரிவுசெய்த இருவரில் ஒருவரை மற்றவர் தனியே அகற்ற முடியாது. எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு மேடைப் பேச்சு. அதற்குப் பின்னால் சட்டம் எதுவும் நிற்கவில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக இன்றைய அரசாங்கம் உறுதியளித்திருக்கிறது. அது நிறைவேறினால் எனது கோரிக்கைக்கு இடமே இராது, அதை நான் மனமார வரவேற்பேன். ஆயினும் 1994 முதல் இதே உறுதிமொழியைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டவர்கள் நாங்கள். பதவி நீடிக்கும் வரையில், வேட்புமனுவிலேயே இரண்டாவது பெயர் எழுதப்படவேண்டும், வாக்குச்சீட்டில் அது அச்சிடப்படவேண்டும், தெரிவானபின் அவரை ஜனாதிபதி நீக்க முடியாதபடி சட்டம் அமையவேண்டும் என்று கேட்கிறேன். 2024 செப்டெம்பரில் எங்களுக்குத் தரப்பட்ட நீண்ட வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. அவற்றுள் எவருக்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பேற்கப்போகிறவர் யார் என்று அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அப்படி ஒரு சட்டம் வந்தால் எங்கள் நாட்டிலும் ஊகங்கள் கிளம்பும். அந்த இரண்டாவது இடத்தில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ நிறுத்த எந்தப் பெரிய கட்சியாவது முன்வருமா என்பதே திருகோணமலையில் முதலில் எழும் கேள்வியாக இருக்கும். மூவின மக்களும் வாழும் இந்த மாவட்டத்தில் அதை ஆவலுடன் பேசுவார்கள் என்பதை அறிவேன், நானும் பேசுவேன். ஆனால் எத்தனை தமிழ் வாக்குகளை அவர் கொண்டுவருவார் என்று எண்ணி ஒருவரைச் சேர்த்துக்கொள்வதை நான் விரும்பவில்லை. பென்சில்வேனியாவின் 19 வாக்குகளுக்காக ஷபிரோவைத் தேடிய அதே கணக்குத்தான் அது. அவருக்கு அமைச்சரவையில் என்ன பொறுப்பு, தேசிய பாதுகாப்புச் சபையில் அவர் அமர்வாரா, நாட்டின் இரகசியங்கள் ட்ரூமனிடமிருந்து மறைக்கப்பட்டதுபோல் அவரிடமிருந்தும் மறைக்கப்படுமா என்பவற்றையே வேட்பாளரிடம் கேட்கவேண்டும். அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு எங்கள் மாவட்டத்துக்கு வருபவர்களிடம், இப்போதைய சட்டத்தின் கீழேயே, அவர்கள் நியமிக்கப்போகும் பிரதமரின் பெயரையும் இந்த மூன்றுக்குமான விடையையும் எழுத்தில் தருமாறு கேட்பதற்கு நண்பர்கள் சிலரும் நானும் முடிவுசெய்திருக்கிறோம்.