புழுவெட்டுக்கு ஹோமியோபதி: மாத்திரை வாங்கும் முன்

தலையில் காசு அகலத்துக்கு முடி கொட்டி, தோல் வழவழவென்று தெரிந்தால் மதுரைப் பக்கம் புழுவெட்டு என்பார்கள். புழுவுக்கு இதில் வேலையே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடியின் வேரைத் தாக்குகிறது. வேர் சாவதில்லை, வேலையை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் ஒன்றிரண்டு வட்டம் மட்டும் உள்ள பலருக்கு, எதுவும் செய்யாமலே ஒரு வருடத்துக்குள் முடி திரும்பிவிடுகிறது.

திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி கல்லூரியே இருப்பதால் நம் ஊரில் பலர் முதலில் அந்த வைத்தியத்துக்குத்தான் போகிறார்கள். ஃப்ளூரிக் ஆசிட், பாஸ்பரஸ், வின்கா மைனர் என்று ஆளுக்குத் தகுந்தபடி எழுதித் தருவார்கள். 30 சி என்றால் ஒரு பங்கு மருந்தை 99 பங்கு சாராயத்தில் கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி கலப்பது. இப்படி 30 முறை. 12 முறை தாண்டும்போதே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. கையில் கிடைப்பது சீனி உருண்டை. புழுவெட்டில் இது முடியை வளர்க்கிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. நாலாம் மாதம் முடி முளைத்தால் தானாக வந்ததா, மருந்தால் வந்ததா என்று ஒரு ஆளை வைத்துச் சொல்லவும் முடியாது.

உருண்டை பெரும்பாலும் கெடுதல் செய்யாது. காத்திருப்பதுதான் சிலருக்குக் கெடுதல். குறிப்பாகக் குழந்தைகள். செதில், அரிப்பு, கறுப்புப் புள்ளிபோல ஒடிந்த முடி இருந்தால் அது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். முடியைப் பிய்த்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். பூஞ்சையைக் கொல்லும் மாத்திரையை வாரக்கணக்கில் வாயால் கொடுத்தே ஆக வேண்டும். விட்டால் சீழ்பிடித்து, தழும்பான இடத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடலாம்.

புழுவெட்டுதானா என்று பார்க்க, வட்டத்தின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் குட்டை முடி, நுனி தடித்து அடி மெலிந்து நின்றால் நோய் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள், காதுக்கு மேலிருந்து பிடரிவரை பட்டையாக உதிர்வது, சிறுவயதிலேயே தொடங்குவது, புருவமும் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் ஓபி சீட்டு போட்டுக் காட்டலாம். பெரியவர்களின் சின்ன வட்டங்களுக்கு வழக்கமானது, வட்டத்திலேயே போடும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், குத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லி, 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. அளவு கூடினாலோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டாலோ தோல் குழிந்துவிடும். ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பூசும் ஸ்டீராய்டு. பாதித் தலைக்கு மேல் போனவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன (அமெரிக்காவில் 2022-இல் அனுமதி). தொற்று அபாயம் உண்டு. காசநோய் சோதனை செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த மருந்துகளும் நோயின் குணத்தை மாற்றுவதில்லை, நிறுத்தினால் திரும்ப உதிரலாம்.

ஆற்றுத்தும்மட்டிக்காயைத் தேய்ப்பவர்கள் கவனம். தோல் எரிந்து புண்ணாகலாம். ஆர்னிகா எண்ணெயும் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும்.

உருண்டைதான் சாப்பிடுவேன் என்பவர்கள், முதல் நாளே பத்து ரூபாய் நாணயத்தை வட்டத்தின் அருகில் வைத்து போட்டோ எடுங்கள் (நாணயம் 27 மில்லிமீட்டர்). மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில். முதலில் வருவது பூனைமுடி, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், பிறகுதான் கறுக்கும். மூன்று மாதத்தில் அதுகூடத் தெரியாவிட்டாலோ, நடுவில் புது வட்டம் விழுந்தாலோ, அந்தப் போட்டோக்களோடு தோல் டாக்டரிடம் போங்கள். சாப்பிட்ட மருந்துச் சீட்டையும் மறைக்காமல் எடுத்துப் போங்கள்.